ஹோட்டலுக்கு வளைந்த அரசாணை, காரணைக்கு நிமிரவில்லை

திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு ரயிலில் போனவர்கள் வழியில் ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள்: கொடைக்கானல் ரோடு. முதல்முறை வருகிறவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிக் குளிரைத் தேடுவார்கள். அடிப்பது உச்சி வெயில். அந்த ஊரின் பெயர் அம்மையநாயக்கனூர். நிலக்கோட்டை வட்டத்தின் சமவெளி அது. கொடைக்கானலுக்கு அங்கிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் போக வேண்டும். நிலம் எங்களுடையது, அதன்மேல் நிற்கும் நிலையத்தின் பெயரோ மலைக்குப் போகிறவர்களுடையது.

திண்டுக்கல் மாவட்டத்தின் கதையே இதுதான். மலை பார்க்கப்படுகிறது, சமவெளி கடக்கப்படுகிறது. ஒட்டன்சத்திரத்தின் காய்கறியும், நிலக்கோட்டையின் பூவும், வத்தலக்குண்டு வழியாக ஏறும் கூலி ஆட்களும் மலைக்குத் தேவை. அவர்களுக்கு என்ன தேவை என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இந்த மாவட்டத்தில் கட்டப்படாமலே போன ஒரு ஹோட்டலைப் பற்றி இந்த வாரம் எழுத வேண்டியிருக்கிறது. கட்டப்படாத ஹோட்டலுக்கும் சாதி ஒழிப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் இளம் தோழர்கள் கொஞ்சம் பொறுமையாக வாருங்கள். 1994ஆம் ஆண்டுக்குப் போய்த் திரும்பலாம்.

அனுமதித்தது ஒன்று, எழுந்தது வேறொன்று

கொடைக்கானலில் பிளசண்ட் ஸ்டே என்ற ஹோட்டலுக்கு அனுமதி கிடைத்தது இரண்டு மாடிக்கு. மலை நகரத்தில் கட்டட உயரத்துக்கு வரம்பு உண்டு. மண் சரியும், நீரூற்று அடைபடும், சோலைக்காடு அழியும் என்பதற்காக வகுத்த விதி அது. இரண்டு மாடிக்கு உட்பட்ட அந்தச் சட்டப்படியான ஹோட்டல் கட்டப்படவேயில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஏழு மாடி எழுந்தது. கூடுதலாக ஐந்து மாடி. நம் ஊரில் புறம்போக்கில் ஒரு ஓலைக் குடிசை இரண்டடி தள்ளி நின்றால் கிராம நிர்வாக அலுவலர் காலையிலேயே வந்துவிடுவார். ஐந்து மாடியை ஒருவர் கைக்குட்டைக்குள் மறைத்துக் கட்ட முடியாது. எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பழனி மலைப் பாதுகாப்புக் குழு என்ற அமைப்பு நீதிமன்றத்துக்குப் போனது. அரசு என்ன செய்தது? 1994 மே மாதம், விதியை மீறிய மாடிகளுக்கு விதியிலிருந்தே விலக்கு அளித்து ஓர் அரசாணை போட்டது. கட்டடம் சட்டத்துக்குள் அடங்கவில்லை. ஆகவே சட்டத்தைக் கட்டடத்தின் அளவுக்குத் தைத்துக் கொடுத்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அந்த அரசாணையை ரத்து செய்தது. 1995இல் உச்ச நீதிமன்றமும் ஹோட்டல் தரப்பின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. சூழலியல் வழக்குகளின் வரலாற்றில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் வெற்றி அது. வழக்குப் போட்டவர்களைப் பாராட்டுவதில் நமக்குத் தயக்கமில்லை.

2000 பிப்ரவரி 2 அன்று, இந்த விலக்கு தொடர்பான வழக்கில் முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவுக்குச் சிறப்பு நீதிமன்றம் ஓராண்டு சிறைத் தண்டனை விதித்தது. அன்றே தர்மபுரியை அடுத்த இலக்கியம்பட்டியில் அ.தி.மு.க.வினர் ஒரு பேருந்துக்குத் தீ வைத்தார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் மூன்று மாணவிகள் அதற்குள்ளேயே எரிந்து செத்தார்கள். பயிரைப் பற்றிப் படிக்க ஊரைவிட்டு வந்த பெண்கள். ஒரு ஹோட்டலின் ஐந்து மாடிக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்? 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுதலை செய்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாதிக் கதை சொல்வது நம் வேலையல்ல. மாணவிகளைக் கொன்ற வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற மூவரின் தண்டனை 2016இல் ஆயுளாகக் குறைக்கப்பட்டது. 2018 நவம்பரில் அவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். உள்ளே போனவர்கள் அனைவரும் வெளியே வந்தாயிற்று, அந்த மூன்று பெண்களைத் தவிர.

ஹோட்டலின் கதை பத்திரிகைகளுக்கு இத்துடன் முடிந்தது. நமக்கு முடியவில்லை. அதே 1994ஆம் ஆண்டு, அதே அரசு, இன்னொரு அரசாணையை எதிர்கொண்டது.

அதே ஆண்டு அக்டோபரில்

1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர் என்ற ஆங்கிலேயர், அந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். உழுகிறவனுக்குக் கையளவு நிலம்கூட இல்லை. வீடு கட்டிய மனையும் அவனுடையதில்லை. தரிசு நிலத்துக்கு மனுப் போட்டால் ஊர் மிராசுதார்கள் கூடித் தடுக்கிறார்கள். இதையெல்லாம் அவர் பதிவு செய்தார். அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30 அன்று 1010 எண் கொண்ட அரசாணை வந்தது. சென்னை மாகாணமெங்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு நிபந்தனையோடு நிலம் ஒதுக்கப்பட்டது. அதைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். மொத்தம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது.

நிபந்தனை எளிமையானது. முதல் பத்தாண்டுகள் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம். வேறு யாருக்காவது போனால் அந்தக் கைமாற்றம் செல்லாது. அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், இழப்பீடும் தர வேண்டியதில்லை. நூறாண்டுக்கு முன்பே எழுதி வைத்த அரசாணை அது. புதிதாக எந்தச் சட்டமும் தேவையில்லை, எந்த விதியையும் வளைக்க வேண்டியதில்லை. எழுதியதை எழுதியபடி நிறைவேற்றினால் போதும்.

அதைத்தான் செங்கல்பட்டு மாவட்டம் காரணை கிராமத்து மக்கள் கேட்டார்கள். கைவிட்டுப் போன பஞ்சமி நிலத்தில் இறங்கி அண்ணல் அம்பேத்கர் சிலையை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. நியாயம் கேட்டு 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலமாகப் போனவர்கள்மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரு தோழர்கள் உயிரிழந்தார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் தோழர்களே. மே மாதம், ஒரு ஹோட்டல் முதலாளி சட்டத்தை மீறியதற்கு அரசாணை கிடைத்தது. அக்டோபர் மாதம், ஏற்கெனவே இருக்கும் அரசாணையை நிறைவேற்றச் சொன்னதற்குத் துப்பாக்கிக் குண்டு கிடைத்தது. ஆண்டு ஒன்று. கோட்டையும் ஒன்றே. மாறியது வாசலில் நின்றவனின் சாதியும் சட்டைப்பையும்.

இதை ஊழல் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது வசதியானது. ஊழல் என்றால் கெட்டவர்கள் சிலர் செய்த தவறு. அவர்களை மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் காரணையில் யாரும் லஞ்சம் வாங்கவில்லை. அங்கே துப்பாக்கியைத் தூக்கியது பணமல்ல. தலித் கையில் நிலம் இருக்கலாமா என்ற பழைய கேள்வி. டிரெமன்ஹீரின் காலத்தில் மிராசுதார்கள் கேட்ட அதே கேள்வியைச் சுதந்திர நாட்டின் காவல்துறை கேட்டது.

‘அது அந்த ஆட்சி’ என்பவர்களுக்கு

உடனே ஒரு குரல் வரும்: அது அ.தி.மு.க. ஆட்சி, பிறகு எல்லாம் மாறிவிட்டதே என்று. மாறியதைப் பார்ப்போம். 1996இல் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. முந்தைய ஆட்சியின் ஊழல் வழக்குகளை விரைந்து விசாரிக்க 1997இல் சிறப்பு நீதிமன்றங்கள் அமைத்தது. ஹோட்டல் வழக்கில் தீர்ப்பு வந்ததும் அப்படிப்பட்ட நீதிமன்றத்தில்தான். நல்லது, வரவேற்போம். ஆனால் அந்த அரசுக்குச் சிறப்பு நீதிமன்றம் அமைக்கத் தெரியும், நாள் குறித்து வழக்கு நடத்தத் தெரியும் என்பதற்கு இதுவே சான்று. பஞ்சமி நில மீட்புக்கு அப்படி ஒரு சிறப்பு நீதிமன்றம் அன்றும் வரவில்லை, அதற்குப் பிந்தைய எந்த ஆட்சியிலும் வரவில்லை. நமக்கு வந்தவை குழுக்கள். ஒரு ஆட்சி அமைத்த குழுவை அடுத்த ஆட்சி மறக்கும். அடுத்த ஆட்சி இன்னொரு குழு அமைக்கும்.

2019 அக்டோபரை நினைவிருக்கிறதா? ‘அசுரன்’ படம் வந்தது. பஞ்சமி என்ற சொல் திடீரென்று தொலைக்காட்சி விவாதங்களில் ஒலித்தது. மு.க. ஸ்டாலின் படத்தைப் பாராட்ட, பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் முரசொலி அலுவலக நிலத்தைப் பற்றிக் கேள்வி எழுப்ப, பட்டா எங்கே, மூலப்பத்திரம் எங்கே என்று சில வாரங்கள் ஒரே ரகளை. விவகாரம் தேசிய பட்டியல் சாதியினர் ஆணையம் வரை போனது. ஒரு கட்சி இன்னொரு கட்சியை அடிக்கப் பஞ்சமி நிலம் ஒரு கம்பு. அடித்து முடித்ததும் கம்பை மூலையில் சாத்திவிட்டார்கள். நிலம் இழந்த மக்களின் பெயர் அந்த விவாதங்களில் எத்தனை முறை வந்தது? திண்டுக்கல் மாவட்டத்தில் நிபந்தனைப் பட்டா நிலம் எத்தனை ஏக்கர், அதில் இன்று யார் உழுகிறார், யார் மனை போட்டு விற்றார் என்று ஒரு தொகுப்பாளராவது கேட்டாரா?

ஹோட்டல் என்ற சொல் சட்டத்தில் இருக்கிறது

இன்னொரு நண்பர் கேட்பார்: நட்சத்திர ஹோட்டல் வந்தால் வேலைவாய்ப்பு வருமே, வளர்ச்சி வருமே, நீங்கள் எல்லாவற்றையும் எதிர்ப்பீர்களா என்று. அவருக்கு ஹோட்டலின் வரலாற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1917இல் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா அரசில் வேலைக்குச் சேர வந்தார் அம்பேத்கர். தங்க இடமில்லை. பார்சிகளின் விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் கம்புகளோடு ஒரு கூட்டம் அறை வாசலில் வந்து நின்றது. அவர் வெளியேற்றப்பட்டார். எத்தனை படிப்பு இருந்தாலும் ஓர் அறைக்கு அது சாவியாகவில்லை. பிற்பாடு அவர் தலைமையில் வரைவு செய்யப்பட்ட அரசியலமைப்பில் 15ஆவது பிரிவைத் திறந்து பாருங்கள். கடைகள், பொது உணவகங்கள், ஹோட்டல்கள், பொழுதுபோக்கு இடங்கள் என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. கிணறு, குளம், சாலைகளும் உண்டு. சாதியின் பெயரால் அங்கெல்லாம் யாரையும் தடுக்கக் கூடாது. நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் ஹோட்டலை எதற்கு எழுத வேண்டும்? ஹோட்டல் வாசலில்தான் சாதி உட்கார்ந்திருந்தது, அதனால் எழுத வேண்டியிருந்தது.

அந்தச் சட்டம் வந்த பிறகும் பெயர்ப்பலகைகளில் ‘பிராமணாள்’ இருந்தது. 1957இல் பெரியார் சென்னை திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்பு மாதக்கணக்கில் மறியல் நடத்த வேண்டியிருந்தது. நூற்றுக்கணக்கான தோழர்கள் சிறை போனார்கள், ஒரு பலகையிலிருந்து ஒரு சொல்லை அழிக்க. தென் மாவட்டத்துக் கிராமங்களில் டீக்கடைகளின் இரட்டைக் குவளையை உடைக்க எத்தனை தோழர்கள் அடி வாங்கினார்கள் என்பது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். அந்தக் குவளை சில ஊர்களில் இப்போது பிளாஸ்டிக் கப்பாக மாறியிருக்கிறது. அவ்வளவுதான்.

இன்றைய ஆடம்பர ஹோட்டல் உன் சாதி என்ன என்று கேட்காது. கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ஓர் இரவு வாடகை வேடசந்தூர் மில்லில் வேலை பார்க்கும் பெண்ணின் மாதச் சம்பளத்தைத் தொடும்போது வாசலில் தனியாக ஆள் நிறுத்தத் தேவையில்லை. ஆனால் பின்வாசல் வழியாக அதே ஹோட்டலுக்குள் நாம் போகிறோம். கழிவறை கழுவ, துணி வெளுக்க, கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்க. அந்தத் தொட்டிக்குள் யார் இறங்குகிறார் என்று பாருங்கள், பிறகு வந்து வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசுங்கள். எத்தனை வேலை என்பது மட்டும் கணக்கல்ல. எந்த வேலை யாருக்கு என்பதே கணக்கு.

பச்சை மட்டும் போதாது

சூழலியல் நண்பர்களோடும் ஒரு பேச்சு இருக்கிறது. ஹோட்டல் வழக்கில் மலை வென்றது. ஆனால் மலை என்றால் சோலைக்காடும் ஏரியும் மட்டும்தானா? அந்தக் காட்டில் காலங்காலமாக வாழும் பளியர் மக்கள் மலையில் சேர்த்தி இல்லையா? வன உரிமைச் சட்டம் வந்தது 2006இல். இன்றும் பட்டாவுக்கு அவர்கள் மனுவோடு அலைகிறார்கள். முதலாளியின் ஏழு மாடியையும் பளியர் குடிசையையும் ஒரே வார்த்தையில் ‘ஆக்கிரமிப்பு’ என்று எழுதும் சூழலியல் நமக்கு வேண்டாம்.

அதே கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலை ஒன்று இருந்தது. அமெரிக்காவின் வாட்டர்டவுனில் மூடப்பட்ட ஆலையை 1980களில் பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே வைத்தார்கள். அது இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் கிடந்தது 2001இல் அம்பலமானது, ஆலை மூடப்பட்டது. கையால் பாதரசம் தொட்ட தொழிலாளர்களுக்கு உடன்பாடு ஏற்பட 2016 வரை பதினைந்து ஆண்டுகள் ஆயின. ஹோட்டலின் ஐந்து மாடிக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1995இலேயே வந்தது. மலையின் அழகு கெட்டால் சீக்கிரம் தெரிகிறது, மலையில் உழைத்தவரின் சிறுநீரகம் கெட்டால் தெரிய நாளாகிறது.

கீழே திண்டுக்கல் நகருக்கு வாருங்கள். பூட்டுக்கும் பிரியாணிக்கும் புகழ்பெற்ற ஊர் என்பார்கள். மூன்றாவதாக ஒன்று உண்டு, அதை யாரும் விளம்பரப் பலகையில் எழுத மாட்டார்கள்: தோல். தோல் பதனிடும் தொட்டிகளுக்குள் நின்றவர்களின் காலும் கையும் என்ன ஆயின என்பது அந்தத் தெருக்களுக்குத் தெரியும். 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நலப் பேரவை வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. திண்டுக்கல் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் நிலத்தையும் நீரையும் கெடுத்ததற்கு இழப்பீடு தர வேண்டும் என்றது. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் போட்டது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் ஊன்றி நின்றது அந்தத் தீர்ப்பில்தான். சட்டக் கல்லூரி மாணவர்கள் அதை மனப்பாடம் செய்கிறார்கள். கிணற்று நீரைச் சட்டப் புத்தகத்தால் வடிகட்ட முடியாது. தீர்ப்பு வருவது பாதி வேலை. அதைத் தெருவுக்கு இழுத்து வருவது மீதி வேலை, அதைச் செய்ய இயக்கம் வேண்டும்.

திண்டுக்கல்லின் பெயர் உலகத்துக்கு எப்படிப் போனது

இயக்கம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதே சமவெளியில் சான்று இருக்கிறது. 2021 ஜனவரியில் இந்த மாவட்டத்து ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர்மீதே கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. வழக்கமாக இப்படிப்பட்ட சாவுகள் உள்ளூர்ப் பத்திரிகையில் நான்கு வரியோடு அடங்கிவிடும். இந்த முறை அடங்கவில்லை. தலித் பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கமான டி.டி.சி.யு. அந்தச் சாவை விடவில்லை. ஆசிய அளவிலான கூலி உரிமைக் கூட்டமைப்பும் பன்னாட்டு அமைப்புகளும் கைகோத்தன. 2022 ஏப்ரலில் ஆலையை நடத்திய ஈஸ்ட்மேன் நிறுவனமும், ஆடை வாங்கும் எச் அண்ட் எம் நிறுவனமும் கட்டுப்பட வேண்டிய ஒப்பந்தம் கையெழுத்தானது. பாலியல் வன்முறையோடு சாதிப் பாகுபாட்டையும் சேர்த்துப் பெயர் சொல்லித் தடுக்கும் ஒப்பந்தம் அது. உலகத் தொழிலாளர் இயக்கங்கள் அதை அழைக்கும் பெயர் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’.

யோசித்துப் பாருங்கள். எந்த ஆடம்பர ஹோட்டலும் இந்த ஊர்ப் பெயரை அப்படி உலகத்துக்குக் கொண்டுபோகவில்லை. ரயில் நிலையத்தில் தன் பெயரை இழந்த சமவெளிக்கு உலக மேடையில் பெயர் வாங்கித் தந்தவர்கள் மில்லுக்குப் போன நம் தங்கைகள்.

ஆகவே இளம் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். பகிர்வதோடும் விருப்பக்குறி போடுவதோடும் நிற்க வேண்டாம். உங்கள் கிராமத்தின் ‘அ’ பதிவேட்டைப் பாருங்கள். நிபந்தனைப் பட்டா, டி.சி. நிலம் என்று எந்தெந்தப் புல எண்ணில் எழுதியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் அழித்திருந்தால் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டை வட்டாட்சியர் அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். பிறகு அந்தப் புலத்துக்கு நேரில் போய் நில்லுங்கள். அங்கே இன்று தென்னந்தோப்பு இருக்கிறதா, மனைப்பிரிவு இருக்கிறதா, கல்லூரி இருக்கிறதா என்று எழுதுங்கள். உங்கள் பாட்டியிடம் அந்த நிலத்தின் பழைய பெயரைக் கேளுங்கள்; அரசுப் பதிவேட்டில் இல்லாத சாட்சி அவர் நினைவில் இருக்கும். தனியாகப் போகாதீர்கள், பத்துப் பேராகப் போங்கள்.

ஐந்து மாடி அதிகமாகக் கட்டியவருக்காக ஓர் அரசால் ஒரே கையெழுத்தில் விதியை மாற்ற முடிந்தது. 1892இல் போட்ட கையெழுத்தை மதிக்க மட்டும் இவர்களுக்கு இன்னும் எத்தனை குழு வேண்டும்? அந்தக் கேள்வியை ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமை மனு நீதி நாளில், கையில் புல எண்ணோடு போய்க் கேட்போம். ஜான் தாமஸும் ஏழுமலையும் நடந்து போனதும் ஓர் ஆட்சியர் அலுவலகத்துக்குத்தான். அவர்கள் பாதியில் நிறுத்தப்பட்ட இடத்திலிருந்து நாம் நடக்க வேண்டும்.